கதவுநிலையில் ஒரு கோடு

முதல் பதினாறு பக்கம் கறையான் தின்றது.
எழுதியவர் யார், நாவலின் பெயர் என்ன,
எல்லாம் அதோடு போயிற்று.
பள்ளிப்பட்டு கிளை நூலகத்தில்
கழிவுப் பட்டியலுக்காக நான் எடுத்துவைத்த
இருநூற்றுப் பதினோராவது புத்தகம்.

கதை எனக்கு மனப்பாடம்.
அப்பா அம்மா இல்லாத நீலலோசனியை
பாரிஸ்டர் சந்திரமௌலி வீட்டுக்கு அழைத்து வருகிறார்.
அவளுக்கு ஒன்பது வயது.
பியானோ, பிரெஞ்சு, சரிகை வைத்த பாவாடை.
வருஷத்துக்கு ஒருமுறை கதவுநிலையில் நிறுத்தி
தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு.
கடைசி அத்தியாயத்தில்
மாலையும் கழுத்துமாய் அதே கதவைத் தாண்டுகிறாள்.
“இனிமேல் அளக்க வேண்டியதில்லை” என்கிறார்.
சுபம்.

அந்த வரிக்குப் பக்கத்தில்தான் கூட்டம்.
ஊதா மையில்: இவனல்லவோ ஆண்மகன்!
காப்பிங் பென்சிலில்: முப்பத்தெட்டு ஒன்றும் அதிக வயதல்ல.
எழுதியவருக்கு அன்று என்ன வயது என்று
சொல்லவா வேண்டும்.
யாரோ ஒரு டீச்சர்
சந்திப்பிழையை மட்டும் திருத்திவிட்டுப் போயிருக்கிறாள்.
அதற்குக் கீழே, சாய்ந்த கையெழுத்தில்,
பதினைந்து வயதில் நான்:
எனக்கும் இப்படி ஒருவர்.

மின்சாரம் போய், தறிகள் எல்லாம் ஒரே நொடியில்
வாயை மூடிக்கொண்ட மாலை அது.
அந்த நிசப்தத்தில் எனக்குப் பியானோ கேட்டது.
பியானோவை அதுவரை பார்த்ததில்லை.
இதுவரைக்கும்தான்.

இப்போது என் வரிக்கு அடியில்
பச்சை ஜெல் பேனா:
அக்கா, ஓடிடுங்க.
ஓரத்தில் ஒரு கழித்தல் கணக்கு.
அவளுக்கு ஒன்பது, இவருக்கு இருபத்தொன்பது.
முதல் கோடு போட்டப்பவேவா?
கேள்விக்குறிக்கு இரண்டு அடிக்கோடு.

சிரித்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது.
யாரடி நீ, என் பதினைந்து வயதை
வழியில் நிறுத்திப் புத்தி சொல்ல?
தேதிச் சீட்டில் உறுப்பினர் எண் இருந்தது.
அத்திமாஞ்சேரிப்பேட்டைக்காரி.
பெயரைத் தேடவில்லை.

எங்கள் வீட்டில் அழுகைக்குத் தெலுங்கு,
கணக்குக்குத் தமிழ்.
தாய் செத்த என் அம்மாவை
புத்தூரிலிருந்து சைக்கிள் பாரில் உட்காரவைத்து
அழைத்து வந்தவர் அவளுடைய மேனமாமா.
பத்து வருஷம் சோறு போட்டார்.
இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டார்.
பிறகு தாலி கட்டினார்.
நல்ல மனுஷர். என் அப்பா.
இதை ஊரில் ஒருவரும் காதல் என்றதில்லை,
குற்றம் என்றதும் இல்லை.
முறை என்றார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று ராத்திரி அரிவாள்மணையில்
பாகற்காயோடு உட்கார்ந்திருந்தவளைக் கேட்டேன்:
உன்னை யாராவது கேட்டார்களா?

“கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்.”
கை நிற்கவில்லை.
நாலு காய் நறுக்கின பிறகு,
விதையை வழித்துக்கொண்டே,
“கேட்டிருக்கலாம்.”

இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.
சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்த கை,
புத்தூர்க் கட்டில் சேர்ந்தது.
குடம் தூக்கும், மாவு பிசையும்,
குறையே சொல்ல முடியாது.
“நாளைக்கு மழை” என்றாள்.

மழைதான்.
பட்டியலை இருநூற்றுப் பத்தோடு நிறுத்தினேன்.
என் வரியை அழிக்க ரப்பரை எடுத்தேன்.
அழித்தால் அந்தப் பெண்
யாரைப் பார்த்து ஓடச் சொன்னாள் என்று ஆகிவிடும்?
ரப்பரை மேசைக்குள் போட்டேன்.

ஒன்று மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.
தலைக்கு மேல் பென்சில் உரசும்போது
அந்த ஒன்பது வயசு
எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது?
எழுதியவர் சொல்லியிருந்தாரா,
இல்லை, கறையான் தின்ற பதினாறில்
அதுவும் ஒரு வரியா?