நாலும் இரண்டும்

பெப்ரவரி பதின்மூன்று, மாலை ஐந்தே கால்.
விந்தர்தூரில் மழையுமில்லை, பனியுமில்லை.
இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று
குடைமேல் சப்புக்கொட்டுகிறது.

பகல் முழுக்கப் பல் வைத்தியரிடம்
கருவி கழுவுகிற வேலை எனக்கு.
இன்று நாலு வயதுப் பெடியன் ஒருவன்,
கடைவாய்ப் பல்லில் கறுப்புக் கிணறு.
அவன் அழவில்லை, அதுதான் தாங்கவில்லை.
கையுறைக்குள் இருந்த என் சுண்டுவிரலைப் பிடித்தபடி
மேலே விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

ஆகவே சொக்கலேட் இதயங்கள்
இடுப்பளவு அடுக்கியிருந்த கடையைத் தாண்டி நடந்தேன்.
கண்ணாடிக்குள் சிவப்புக் கரடி ஒன்று கையசைத்தது.
அதன் வயிற்றுக்குள்ளும் கரமல்தான்.

பழஞ்சாமான் கடை ஆறரைக்குப் பூட்டும்.
நூறு துண்டுப் படப்புதிர் (பெட்டிமேல் பென்சிலில்: தொண்ணூற்றொன்பது),
ஒற்றைக் கண் பொம்மை,
நல்ல விசில் ஒன்று.
விசிலை எடுத்தேன், வைத்தேன்.
கீழ்வீட்டுக்காரி ஞாயிற்றுக்கிழமை
தண்ணீர்க் குழாய்ச் சத்தத்துக்கே கடிதம் எழுதுகிறவள்.

எனக்குத் தெரிந்த ஒன்று:
பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் பிடிக்காது,
சாமான்தான் பிடிக்கும்.
சின்னவனுக்கு ஒரு பித்தளைப் பூட்டு,
இரண்டு திறப்புகளோடு.
ஆரணிக்கு ஒரு அளவு நாடா, மூன்று மீற்றர்,
தட்டினால் பாம்பாய்ச் சீறி உள்ளே ஓடுகிற மஞ்சள் நாடா.
எல்லாம் சேர்த்து நாலு பிராங்க்.
கல்லாவில் இருந்த கிழவர்
அதற்கும் ஒரு றிபன் கட்டித் தந்தார்.

கமலநாதனுக்கு ஒன்றும் வாங்கவில்லை.
ஒன்பது நாளாய் நாங்கள் கதைப்பதில்லை.
கார் தவணையில் தொடங்கியது,
எங்கே போய் முடிந்தது என்று இருவருக்குமே மறந்துபோச்சு.
"அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."
"அம்மாட்டக் கேள், உப்பு எங்கையெண்டு."
பிள்ளைகள் எங்கள் தபால்காரர்.

சனி காலை. பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
புருவத்தில் மாவோடு வந்தவர்
சோபாவின் அந்தக் கரையில் சாய்ந்து கண்ணை மூடினார்.
இந்தக் கரையில் நான், ஆறிய தேத்தண்ணி.

சின்னவன் முதலில் அவருடைய வேலைப் பையைப் பூட்டினான்.
பிறகு இரண்டு திறப்பையும் எங்கேயோ ஒளித்தான்.
(இன்றுவரை ஒன்று கிடைக்கவில்லை.)

ஆரணி அளந்தாள்.
பாணை அளந்தாள். ஹீற்றரை அளந்தாள்.
தம்பியின் நாக்கை அளந்தாள், அவனும் நீட்டிக் காட்டினான்.
நடு இரவில் நான் அழுத தலையணையையும்
அது தெரியாமலே அளந்து
"ஆறும் சைபரும்" என்றாள்.
அவளுக்கு எண்கள் தெரியும்,
அவை சோடி சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாது.

பிறகு சோபாவுக்கு வந்தாள்.
நாடாவின் நுனியை அப்பாவின் தோளில் ஒரு விரலால் அமத்தி
மஞ்சளை இழுத்து இழுத்து
என் தோளில் கொண்டுவந்து நிறுத்தினாள்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள்:
"நாலும் இரண்டும்."

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்து வீட்டுக் கதவு பூட்டிய சத்தம் கேட்டது.
அவள் ஒரு தாளை எடுத்து
பாண், ஹீற்றர், நாக்கு, தலையணை,
அதன் கீழே இதையும் எழுதினாள்.
இரண்டு, திரும்பிப் பார்க்கிற வாத்து மாதிரி
கண்ணாடிப் பக்கமாய் விழுந்திருந்தது.

சரியோ என்று பார்க்க
இன்னொருதரம் நாடாவை வைத்தாள்.

கண்ணைத் திறக்காமல், நித்திரையில் புரள்கிறவர் போல,
அந்தக் கரையில் இருந்தவர் கொஞ்சம் அசைந்தார்.
நானும் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கிற சாட்டில்.

நாடா நடுவில் வளைந்து தொய்ந்தது.
ஆரணிக்குக் கோபம் வந்துவிட்டது.
"அசையாதேங்கோ ரெண்டு பேரும்!
இப்ப எல்லாம் பிழையாப் போச்சு.
முதல்ல இருந்து அளக்கவேணும்."