கொழுப்பு அளவு

அணைக்கட்டு சொசைட்டியில்
இருபத்திரண்டு வருஷம் பால் அளந்தவன்.
தண்ணி கலந்திருந்தால்
கருவிக்கு முன்னால் என் நாக்கு சொல்லும்.

இப்போது என் வயிற்றிலிருந்து
ரப்பர் குழாய் வழியே பைக்குள் இறங்குகிறது
வெள்ளையாய் ஒன்று.
கட்டியை எடுத்த இடத்தில்
நிணக்குழாய் வாய் மூடவில்லையாம்.

காலை ஆறு மணிக்கு சம்பங்கி
லாட்ஜ் ஜன்னலில் பையைத் தூக்கிப் பிடிக்கிறாள்.
தொள்ளாயிரத்து இருபது.
எழுதுவது பழைய சொசைட்டி நோட்டில்.
"நல்ல எருமைதான்" என்றேன்.
"கொழுப்பு அடங்கல உனுக்கு."

எண்ணெய் இல்லை, தேங்காய் இல்லை,
மோர்கூட ஆடை எடுத்தது.
கதிர் வைத்துப் பார்ப்போம் என்றார்கள்.
புற்று திரும்பிடுச்சா?
இல்லை, கசிவுக்கு. கொஞ்சமாய்.

வயிற்றில் மையால் கூட்டல் குறி.
"குளிக்கும்போது அழிச்சிடாதீங்க" என்றார் மகிமைராஜ்.
கனத்த கதவு, குளிர், ஒரு முனகல்.
சூடு தெரியவேயில்லை.
வெளியே வேலூர் வெயில்தான் சுட்டது.

எண்ணூற்று எழுபது.
மறுநாள் எண்ணூற்றுத் தொண்ணூறு.
அன்று இரவு இருவரும் பேசவில்லை.
அறுநூறு. முந்நூற்றுச் சொச்சம்.
ஒன்பதாம் நாள்
அரை டீ கிளாஸ், மஞ்சளாய், அடி தெரிய.

சம்பங்கி அதைப் பிடித்தபடியே
ஜன்னலோரம் நின்றாள், கை வலிக்கும்வரை.
"மாடு வத்திடுச்சு" என்றாள்.
நோட்டில் கொழுப்பு என்றிருந்த கட்டத்தில்
ஒரு கோடு போட்டாள்,
கொஞ்சம் கோணலாக.