சொம்புக்குள் மூன்று பேர்

பல் பிடுங்கணும் என்று சொல்லித்தான் லீவு வாங்கினேன்.
தேவிபட்டினம் நண்டுக் கம்பெனியில்
பல்லுக்கு அரைநாள், சாவுக்கு ஒருநாள்.
பாட்டுக்கென்று அவர்கள் நோட்டில் ஒரு கட்டமும் இல்லை.

‘மண்ணெண்ணெய்’ என்று ஒரு ராக் குழு,
கோயம்புத்தூர்க்காரர்கள்.
பதினோரு வருஷமாய் எனக்கு அவர்கள்தான்.
பாடுகிறவன் செழியன், கிதார் ரொசாரியோ,
டிரம்ஸ் பஷீர்.
போட்டோவில் மட்டும் நாலாவதாய் ஒருத்தன்,
கழுத்துவரை பொத்தான் போட்டு
ஓரமாக நிற்பான். பேர் பொன்னுரங்கம்.
வேன் ஓட்டுகிறவன் என்று வைத்திருந்தேன்.
‘அவன் கையிலயும் கிதார் இருக்கேடி’ என்றாள் டெல்மா.
‘சும்மா பிடிச்சிருப்பான்.’

என் போன் நாலாயிரத்து இருநூறு,
ஸ்பீக்கர் கடுகளவு.
எவர்சில்வர் சொம்புக்குள் இறக்கிவிட்டால்
சத்தம் கொஞ்சம் கூடும்.
நீலக்கால் நண்டின் ஓடு பிரித்து
கால் சதை தனி, உடம்புச் சதை தனி என்று
கையுறைக்குள் விரல் ஊறி வெளுக்கும்போது
சொம்புக்குள் நின்று செழியன் கத்துவான்.

மண்டபத்தில் இறங்கியதும்
காத்து ஆளைத் தள்ளியது.
தென்கடல் ஓரம் தகர மேடை,
இரண்டு ஆள் உயரத்தில் கறுப்புப் பெட்டிகள்,
மணலில் பாம்பு பாம்பாய் ஒயர்.
ஐஸ் வண்டிப் பையன்கள், காலேஜ் பிள்ளைகள்,
கைக்குழந்தையோடு ஒரு கோஸ்ட்கார்டு குடும்பம்.
தனியாக வந்த பொம்பளை நான் ஒருத்தி.
எலுமிச்சை தேய்த்துக் கழுவியும்
கைதட்டும்போதெல்லாம்
நண்டு வாடைதான் முதலில் எழுந்தது.

முதல் பாட்டு எனக்குத் தெரியும்.
எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்பதுவரை தெரியும்.
அதனால்தான் பயந்துபோனேன்.

காதுக்கு முன்னால் அது வயிற்றுக்கு வந்தது.
மணலுக்கு அடியில் யாரோ
வல்லத்து எஞ்சினைக் கிளப்பிவிட்ட மாதிரி
உள்ளங்காலில் ஏறி
முழங்காலில் கொஞ்சம் நின்று
விலா எலும்பை ஒவ்வொன்றாய் விசாரித்தது.
பெட்டி கெட்டுப்போச்சு என்று நினைத்தேன்.
பக்கத்துப் பையன் ஆடிக்கொண்டிருந்தான்.

மேடை ஓரத்தில் அந்தப் பொத்தான்காரன்
தரையைப் பார்த்தபடி
தடித்த நாலு கம்பியில் ஒன்றை
இழுத்து விட்டான்.
என் வயிறு அதிர்ந்தது.
மறுபடி இழுத்தான்.
மறுபடி நான்.

அடப்பாவி, நீயா?

அத்தனை பாட்டிலும் இருந்திருக்கிறாய்.
நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோனபோது
ஒரு வாரம் ஒரே பாட்டைப் போட்டேனே,
அதிலும் இருந்திருக்கிறாய்.
சொம்பு உன்னை உள்ளே விடவில்லை.
செழியன் அந்தரத்தில் நின்று கத்துகிறான் என்று
நானும் கூடவே அந்தரத்தில் நின்றேன்;
நீ அடியில் பலகை போட்டு வைத்திருக்கிறாய்,
சொல்லவே இல்லை.

எல்லாரும் செழியா செழியா என்று கூப்பிட்டார்கள்.
நான் தொண்டை கிழிய ஒரே ஒருதடவை
‘பொன்னுரங்கம்!’ என்றேன்.
காற்று அதை அள்ளி
வடகடல் பக்கம் கொண்டுபோனது.
அவன் நிமிரவில்லை.
கம்பியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

ராம்நாட் பஸ் ஸ்டாண்டில்
தேவிபட்டினத்துக்கு முதல் வண்டி நாலே முக்காலுக்கு.
அதுவரை கொசு, ஒரு டீ, இன்னொரு டீ.
பழக்க தோஷத்தில் போனைக் காதில் வைத்தேன்.
மூன்று பேர்தான் இருந்தார்கள்.
இல்லாத இடம் எது என்று
இப்போது எனக்குத் தெரிந்தது,
விழுந்த பல்லின் குழியை
நாக்கு தேடிப் போவதுபோல.

காலையில் கன்னத்தில் பஞ்சு அடக்கி
மேசைக்கு வந்தேன்.
சூப்பர்வைசர் அய்யாக்கண்ணு
வாயைத் திற என்று சொல்லவில்லை.
டெல்மா போனைச் சொம்புக்குள் போட்டாள்.
பல் பிடுங்கியவள் எப்படிப் பாடுவது?
உதட்டைப் பூட்டிக்கொண்டு
தொண்டைக்கும் கீழேயிருந்து இழுத்தேன்:
ம்ம், ம்ம்ம், ம்ம்.

‘ரொம்ப வலிக்குதாடி?’ என்றாள்.
ஆமாம் என்று தலையாட்டிவிட்டு
அடுத்த வரிக்குப் போனேன்.