மடிக்கிற போன்

கோயமுத்தூர் ரெப்பு
வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு
ஒரே ஒரு நாளைக்கு என்று வைத்துவிட்டுப் போனார்,
மடிக்கிற போனை.
விலையைச் சொல்லும்போது மட்டும்
குரலைத் தணித்துக்கொண்டார்
இழவு சொல்ல வந்தவர் மாதிரி.
கூடவே ஒரு தாள்:
தொட்டவங்க சொன்னத எழுதி வையுங்க மேடம்.

அனுப்பர்பாளையம் பிரிவில்
பதினோரு வருசமாய்ப் போன் பிரிக்கிறவள் நான்.
சார்ஜ் ஏறலீங்க என்று வருகிற பத்தில் எட்டுக்கு
வியாதியே கிடையாது.
ஊசி முனையால் வாயைக் குடைந்தால்
பஞ்சு வரும்.
பனியன் பஞ்சு.
சட்டைப்பையில், கட்டிங் மேசைக்கடியில்
கிடந்து கிடந்து அது தின்ற பஞ்சு.
போன ஆடி முழுக்க ரத்தச் சிவப்பு.
புரட்டாசியில் கருநீலம்.
எந்தக் கப்பலுக்கு என்ன நிறம் போகிறதென்று
எனக்கு ஊசி சொல்லும்.

மார்கழிக்கப்புறம்
வெறும் அழுக்குத்தான் வருகிறது.
குடைந்து கொடுத்துவிட்டு
காசு வேண்டாம் போங்க என்கிறேன்.
வீட்டிலும் ஒருத்தர்
டிவியை அமர்த்தாமலே
பகலில் தூங்குகிறார்.

போனை முதலில் நான்தான் தொட்டேன்.
திறக்கும்போது கொஞ்சம் முரண்டு,
பாதி தாண்டினால் தானே வருகிறது,
விருந்துக்குக் கூப்பிட்ட புது மாப்பிள்ளை.
மூடினால் சம்படத்து மூடிச் சத்தம்.
நடுவில் ஒரு கோடு,
கண்ணுக்குத் தப்பிவிடும்
கட்டைவிரலுக்குத் தப்பாது.

பத்து மணிக்கெல்லாம் கூட்டம்.
வேலை இருந்தால் இத்தனை பேர்
இந்நேரத்துக்கு வருவார்களா?

அயர்ன் மாஸ்டர் துரைராசு தொட்டார்.
திரை அசையவில்லை.
துடைத்துக்கொண்டு தொட்டார்.
இருபது வருசச் சூட்டில் காய்த்த விரல்
அதற்கு விரலாகத் தெரியவில்லை.
"என்னைய ஆளாவே மதிக்க மாட்டேங்குதுங்க"
என்று குனிந்து
மூக்கால் தள்ளினார்.
திறந்துகொண்டது.

ஒடிசாப் பையன் பிகாஷ்
கேமராவைக் கேட்கவில்லை, மெமரியைக் கேட்கவில்லை.
சத்தம் எவ்வளவு அக்கா, என்றான்.
முழுசாய் வைத்துக் காட்டினேன்.
கண்ணை மூடிக்கொண்டு
இல்லாத நிட்டிங் மிஷின்களை
மனசுக்குள் ஒவ்வொன்றாய் ஓடவிட்டு
அதற்கு மேலே அவன் அம்மாவின் குரல் ஏறுமா என்று
கேட்டுக்கொண்டிருந்தான்.
அரை நிமிசம்.
பிறகு தலையை ஆட்டினான்.
பத்தாது.
இரண்டு லட்ச ரூபாய்க்கு ஒரே சொல்.

செக்கிங் யுவராணி கைக்குப் போனதும்
கடையே கொஞ்சம் அமைதியானது.
அவள் அதைத் தட்டவில்லை, தடவவில்லை.
மடித்தாள், வெளிச்சத்துக்கு நேரே தூக்கினாள்,
நகத்தால் ஓரத்தை நீவினாள்,
கீழே வைத்தாள்.
"செகண்ட்ஸ் பீஸுங்க்கா."
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
இடது மூலையில்
ஒரு மயிரிழை
ஒன்றோடொன்று சேராமல்தான் இருந்தது.

தாளில் இதையெல்லாம் எழுதவில்லை.
நல்லா இருக்குங்க, நல்லா இருக்குங்க, விலை ஜாஸ்திங்க
என்று நாற்பது தடவை எழுதினேன்.
அவரும் பிழைக்க வேண்டும்.

சாயங்காலம் ரெப்பு வருவதற்கு முன்னால்
துடைத்து வைக்கலாமென்று திறந்தபோது
கீலுக்குள் எதுவோ நெருடியது.
ஊசியை எடுத்தேன்.
கடுகில் பாதி.
வெள்ளைத் தாளில் தட்டி
டியூப் லைட்டுக்கடியில் பார்த்தேன்.
பஞ்சு.
சந்தன நிறம்.

இந்த வருசத்தில் எந்தப் போனிலும்
இந்த நிறத்தை நான் பார்க்கவில்லை.
நாற்பது கையில் எந்தக் கையோ,
எந்தச் சந்தில் எந்த ஷெட்டிலோ
நேற்றோ இன்று காலையோ
ஒரு மிஷின் ஓடியிருக்கிறது.

மூலை உடைந்த என்ர போனை எடுத்து
வீட்டுக்கு அடித்தேன்.
ஏழாவது மணியில் எடுத்தார்.

"ஏனுங்,
சட்டையப் போட்டுட்டு
கடைக்கு வாங்க."