காற்புள்ளி

இசாஃபியோர்துர் துறைமுகம்.
காலை பத்து. இன்னும் இருட்டு.
ஹால்பெரா அச்சிட்ட பட்டியலில்
மாலுமி@7430, மாலுமி@1809, மாலுமி@2256...
நினைவகத்தில் யார் எந்த மூலையில்
படுத்திருக்கிறார் என்ற துப்பு.
கடலோரக் காவலுக்கு இது போதாது,
மனைவிமாருக்கும்.

காப்பி ஆறுவதற்குள் நாலு வரி எழுதினாள்:
உன்னைக் கேட்டால் உன் பெயரைச் சொல்.

சொன்னார்கள். ஓர்முர், ஹாஃப்லிதி, ஸ்டெய்ன்தோர்...
போலந்துக்காரன் ஸ்ஜிஸ்வாவ் மட்டும்
நடுவில் ஒரு கேள்விக்குறியோடு வந்தான்;
அவன் எழுத்துக்குத் தனியே வழிவிட்டாள்.

ஆறு பேரும் முடிந்த பிறகு
ஒரு காற்புள்ளி தொங்கியது.
எப்போதும் வரும் பிழைதான்.
அழிக்க விரல் போனது.

வானொலி கரகரத்தது:
"ஆறா? ஏழு பேர் இருக்கோம்.
சமையலுக்கு ஒருத்தன் கடைசி நிமிஷம் ஓடிவந்து ஏறினான்."

விரலை எடுத்தாள்.
"பேரைச் சொல்லு."