போகும், போகாது

ஹெல்விக்கு இரண்டு வளையங்கள்.
ஒன்று விரலில். இந்தக் குளிர்காலத்தில் தளர்ந்துவிட்டது,
உள்ளே நூல் சுற்றியிருக்கிறாள்.
மற்றது மேஜைமேல், எஃகில்.
குண்டு அதற்குள் வழுக்கி இறங்கினால்
பேரேட்டில் "போகும்" என்று எழுதுவாள்.
விளிம்பில் நின்றால் "போகாது."
நாள் முழுக்க இந்த இரண்டு சொல்தான்.

உறைந்த ஏரிமேல் குதிரைச் சறுக்குவண்டியில்
பெட்டிகள் வரும், எல்லாம் கலந்து:
தாம்பெரே ஆலையில் வார்த்தவை,
சண்டைக்கு முன் விலைக்கு வாங்கியவை,
காட்டில் ருஷ்யர் விட்டுப்போனவை,
பனியோடும், சில சமயம் ஒற்றைக் கையுறையோடும்.

அந்தக் காலத்தில் இதற்கு உரல் என்றே பேர்,
குட்டை உடம்பு, அகல வாய், கோட்டைச் சுவர் இடிக்க.
போன போரின் சேற்றில்
ஜெர்மானியர் அதற்குச் சக்கரம் பூட்டி இழுத்தார்கள்.
பிரெஞ்சுச் சிப்பாய்கள் குந்தியிருந்த தங்களுடையதைத்
தேரை என்று கூப்பிட்டார்கள், கொஞ்சம் பாசமாகவே.
பாரந்தூக்கி செய்த ஓர் இங்கிலாந்துப் பட்டறைதான்
அலங்காரத்தையெல்லாம் கழற்றிப் போட்டது:
குழாய், தட்டு, இரண்டு கால்.
மேலே போடு. அடியில் ஆணி. தலையைக் குனி.
பிரெஞ்சுக்காரர் குண்டுக்கு மீன் உடம்பும் வாலும் கொடுத்தார்கள்.
அப்புறம் யாரும் பெரிதாக மாற்றவில்லை,
ருஷ்யர் வாயை ஒரு மயிரிழை அகலம் வைத்ததைத் தவிர.
ஒரு மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை.
அவர்கள் குழாய் இவர்கள் குண்டை விழுங்கும்;
இவர்கள் குழாய்க்கு அவர்கள் குண்டு விக்கும்.
திட்டமோ, தற்செயலோ,
ஹெல்விக்கு அதில் சம்பளம்.

இரும்பும் குளிரில் ஒடுங்கும்.
வெளியிலிருந்து வந்த குண்டு
ஓர் இரவு அறைக்குள் கிடந்து
வளையத்தின் சூட்டுக்கு வரவேண்டும். விதி அது.
அந்த வியாழக்கிழமை லெப்டினன்ட் கதவைச் சாத்தக்கூட இல்லை.
"விடிவதற்குள் நாற்பது."
மைனஸ் முப்பத்தொன்று.
உறைபனி ஒட்டியபடியே அளந்தாள்.
போகும். போகும். போகும்.
ஒன்று மட்டும் யோசித்துக்கொண்டு இறங்கிற்று.
அதையும் எழுதினாள்.

பதினொரு நாள்.
ரொட்டி வரிசையில் யாராவது இருமினால்
திரும்பிப் பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு பெட்டி திரும்பி வந்தது,
வைக்கோலுக்குள் ஒரே ஒரு குண்டு,
வெடிமருந்து நீக்கியது.
பென்சிலில், சாய்ந்த எழுத்தில்:

"சுட்டுச் சூடான குழாயில்கூட
பாதி வழியில் நின்றுவிட்டது.
குழாயைக் கழற்றி மெதுவாகக் கவிழ்த்தார்கள்.
வாயில் நான் ஏந்திக்கொண்டேன்.
மறுபடி அளந்து பார்க்கவும்.
கார்ப்பரல் தாவெத்தி."

உரலில் தலையை விட்டபின்
உலக்கைக்கு அஞ்சலாமா என்று
சுலபமாகச் சொல்லிவிடுவோம்.
அவன் நீட்டியது இரண்டு கை, கையுறை இல்லாமல்;
கம்பளியில் வழுக்குமாம்.

அன்றிரவு குண்டை அலமாரியில் வைத்து,
வளையத்தை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.
காலையில் அளந்தாள்.
விளிம்பில் நின்றது.
தட்டினாள். நின்றது.
பழைய பக்கத்தைப் புரட்டி,
தன் கையெழுத்தையே கோடிட்டு அடித்து,
"போகாது" என்று எழுதித் தேதி போட்டாள்.

பிறகு பேனாவை மூடவில்லை.
அது போயிருந்தால்,
மேலே ஏறி, ஒரு கணம் நின்று,
வாலை ஆட்டிக்கொண்டு இறங்கியிருக்குமே, அந்த இடத்தில்
யாரோ ஒருவன் அன்றைக்குத்
தன் கஞ்சியைக் கடைசிவரை குடித்திருப்பான்,
கரண்டியைப் பனியில் துடைத்திருப்பான்,
எதையும் அறியாமல்.

பேரேட்டில் அதற்குப் பத்தி இல்லை.
அடுத்த பெட்டியைத் திறந்தாள்.
நூல் அவிழ்ந்திருந்தது; சுற்றிக்கொண்டாள்.