மோல்மீனாள் பற்று

தாது வருஷம், தை மாதம்.
தலைப்பில் பிள்ளையார் சுழி, அடுத்து சிவமயம்,
அதற்கும் கீழே
ஒரு குதிரை.

வயி.கரு. விலாசத்துப் பேரேட்டில்
தேக்கு ஏறும், நெல் ஏறும், கெம்புக்கல் ஏறும்.
நாலு காலுள்ள சரக்கு ஏறியது அதுதான் முதல் தடவை.
கிண்டிச் சீட்டில் 'லேடி மோல்மீன்' என்றிருந்தது.
நான் 'மோல்மீனாள்' என்று எழுதினேன்.
முதலாளி பார்த்தார். இருக்கட்டும் என்றார்.

கொள்ளு. ஓட்ஸ். லாடம், அலுமினியத்தில்.
பிராந்தி அரைப் போத்தல்
(மருந்து என்று எழுதச் சொல்லி உத்தரவு).
பிள்ளையாருக்கு வீசம் பங்கு:
மூஞ்சூறில் போகிறவருக்கு
முழு ரத்தக் குதிரையில்.

பந்தயத்துக்குப் பதினாறு நாள் இருக்கையில்
பங்காளிகள் பார்க்க வேண்டும் என்று
ரயில் பெட்டியில் வைக்கோல் பரப்பி
செட்டிநாடு ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்.
பயிற்சிக்கார துரை தந்தியிலேயே வைதார்.
கானாடுகாத்தான் தெருவில், சரளை மண்ணில்,
மாலை போட்டு நடத்தினார்கள்.
செம்மண்ணா அவள் மேனியா என்று தெரியாத சாயங்காலம்.
சீனி ராவுத்தர் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து
யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார்.

மாடி ஜன்னலில் உமையாள் ஆச்சி நின்றிருந்தார்.

மறுநாள் பெட்டியடியில் என்னைக் கூப்பிட்டு
சிறுவாட்டு முடிச்சை அவிழ்த்தார்:
நானூற்று ஐம்பது.
"இடது முன்னங்காலைக்
கடன்காரன் வீட்டு வாசலில் வைக்கிற மாதிரி வைக்கிறாள்.
சொன்னேன். உனக்கென்ன தெரியும் என்றார்.
ராவுத்தர் சொன்னதற்கும் அதே பதில்.
போ, அவளை ஜெயிக்கிறது எதுவோ
அதன்மேல் கட்டு."

ஐவரி பிரின்ஸ். ஒன்றுக்கு ஏழு.
எழுதும்போது என் கை நடுங்கியது.
தின்கிற உப்பு யாருடையது என்று
கணக்கெழுதுகிறவனுக்கும் தெரியும்.

கவர்னர் கோப்பை அன்று
தபாலாபீஸ் வாசலில் நிற்க இடமில்லை.
முடி திருத்தும் மாயழகு மூன்று மாத வரும்படியைக் கட்டியிருந்தான்.
சமையல்காரர், பள்ளி வாத்தியார், கார் ஓட்டி,
ஒரு தவில்காரர்கூட.
நாலு நாற்பதுக்கு மெஷின் கட்கட்டென்றது.
தந்தி குமாஸ்தா வரதராஜுலு
முதலில் தனக்குள் வாசித்தார்.
அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டாவது. அரை நீளம். கால் போயிற்று.

கடைசி இருநூறு கஜம்
மூன்று காலில் ஓடினாளாம்.
மூன்று காலில், அரை நீளம்.
மாயழகு சீட்டைக் கிழிக்கவில்லை,
மடித்துக் கத்திப் பெட்டியில் வைத்தான்.

இரவு அடுத்த தந்தி: சுட அனுமதி வேண்டும்.
முதலாளி 'சம்மதம்' என்று எழுதி
என்னிடம் நீட்டிவிட்டு
சாப்பிடாமல் படுத்தார்.
வளவு தாண்டும்போது ஆச்சி கை நீட்டினார்.
தாளை வாங்கி அடுப்பில் போட்டு
வேறு வார்த்தை சொன்னார்.
'அனுப்பு' என்று அடித்துவிட்டு வந்தேன்.

வரவு மூவாயிரத்து நூற்றைம்பது.
"எனக்கெதற்கு? அவளுக்கு எழுது."
பேர் போடும் இடத்தைக் காலியாக விட்டேன்.
அந்தக் காலி இடத்திலிருந்துதான்
கொள்ளு போனது, தைலம் போனது,
ராவுத்தர் சம்பளம் போனது.
பின்கட்டு லாயத்திலிருந்து
ராத்திரியில் மூன்று சத்தம் கேட்கும்,
நாலாவது கொஞ்சம் தாமதித்து வரும்.

ஐந்தொகை போட்ட நாளில்
முதலாளியின் விரல் அந்த வரியில் நின்றது.
"யார் பணம்?"
"பிள்ளையார் வீசம்."

தோற்ற குதிரையில் வீசத்துக்கு மூவாயிரமா?
வட்டிக்கு வட்டி மனத்திலேயே போடுகிறவர் அவர்.
மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்தார்.
"நல்ல சாமி" என்றார். பக்கத்தைத் திருப்பினார்.

மறுநாள் நான் பேரேட்டைப் பிரித்தபோது
மோல்மீனாள் பற்றில் ஒரு வரி கூடியிருந்தது:
வெல்லம், கால் வீசை.
என் கையெழுத்து அல்ல.